பேரு போடு, கரண்டு பில்லும் கட்டு

ஏலே பேராண்டி, இப்படி வந்து உக்காரு. அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்தி வையி. உங்க அப்பன் போயி வருசம் ஒண்ணாகப் போகுது. அவன் நெனப்பா என்னமாச்சும் தர்மம் செய்யணும்னு சொல்லுத. நல்ல புத்தி. யாரு வேண்டாங்கப் போறா? ஆனா நீ எங்கிட்ட மொதமொதக் கேட்ட கேள்வி என்ன? "தாத்தா, பேருப் பலகை கிரானைட்டா, பித்தளையா?" யாருக்குக் குடுக்கப்போற? தெரியாது. என்னத்தைக் குடுக்கப்போற? இன்னும் முடிவாகல. பலகைக்கு மட்டும் அளவெடுத்தாச்சு, மூணடிக்கு ரெண்டடி. அப்பன் போட்டோ வலதுபக்கமா எடதுபக்கமான்னு பெஞ்சாதிகூட சண்டையும் போட்டு முடிச்சாச்சு.

சரி, நான் தடுக்கல. பேரு போடணும்னு ஆசை இருக்குறது ஒரு குத்தமா? ராசா மகாராசா எல்லாம் போட்டுக்கிட்டவுகதான். கல்லுல வெட்டி வச்சதாலதானே அவுக சங்கதி நமக்குத் தெரியுது. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. பலகைக்குப் பின்னால என்ன இருக்கு?

நம்ம பஸ் ஸ்டாண்டு வடகோடியில ஒரு தண்ணி மெஷின் நிக்கி. நீ கார்லயே வந்து கார்லயே போறவன், பாத்திருக்க மாட்ட. அப்பா நெனப்பா நாலு மக்கமாரு சேந்து வச்சது. தொறப்பு விழாவுக்குப் பந்தல் என்ன, நாதஸ்வரம் என்ன! வந்தவுகளுக்கு ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு தண்ணி பாட்டில். ஆமாலே, தண்ணி மெஷினைத் தொறக்க வந்தவுகளுக்குக் கடையில வாங்குன தண்ணி பாட்டில். எனக்கு அங்கனயே சந்தேகம் தட்டுச்சு. கிட்டப் போயி கல்வெட்டை வாசிச்சேன். செத்தவரு பேரு ஒரு வரி. அதுக்குக் கீழ மக்கமாரு பேரு, அவுக படிப்பு, பாக்குற வேலை, இருக்குற நாடு. மருமக்கமாரு பேரு, அவுக படிப்பு. பொறவு விழாவுக்குத் தலைமை யாரு, முன்னிலை யாரு, வரவேற்புரை யாரு, நன்றியுரை யாரு. நன்றியுரை சொன்னவன் பேரைக்கூடக் கல்லுல வெட்டிட்டாக. தாகத்துல வந்தவன் இம்புட்டையும் வாசிச்சு முடிச்சா, பஸ்ஸு போயிரும்.

மூணு மாசம் குளுகுளுன்னு ஓடுச்சு. அப்புறம் என்னமோ மெம்ப்ரேனாம், அது அடைச்சுக்கிச்சாம். நம்ம ஊரு போர்த்தண்ணி உப்பு ஒனக்குத் தெரியாததா? அதைக் குடிச்சுக் குடிச்சு மெஷினே நாக்கைத் தொங்கப் போட்டுருச்சு. மாத்துறதுக்கு ஆள் இல்ல. கரண்டு பில்லு யாரு கட்டணும்னு மக்கமாரு ஒருபக்கமும் ஊராட்சிக்காரங்க ஒருபக்கமும் கைகாட்டிக்கிட்டு நிக்காக. இப்பம் கொழாயில சாக்கைச் சுத்திக் கட்டியிருக்கு. நெழலுக்கு ரெண்டு வெள்ளாடு படுத்துக் கெடக்கு. வெயில்ல வாரவன் சாக்கை விலக்கிக் கொழாயத் திருகுதான். சொட்டுத் தண்ணி இல்ல. நிமுந்து பேரை வாசிக்கான். வாசிச்சிட்டு என்ன சொல்லுதான்னு நெனைக்க? அதை நான் ஒனக்குச் சொல்லமாட்டேன், பச்சைப்பிள்ள நீ. செத்தவரு நல்ல மனுசன்லே. உசுரோட இருந்த காலத்துல ஒருத்தன்கிட்டயும் ஒரு சொல்லு வாங்காதவரு. இப்பம் நித்தமும் வாங்குதாரு, பெத்த பிள்ளைக செலவுல.

அதுக்கு நேர் எதுக்க ஒரு பொம்பள டீக்கடை போட்டிருக்கா. கடை வாசல்ல மண்பானை, மேல ஒரு தட்டு, சங்கிலி கட்டுன டம்ளர் ஒண்ணு. காலையில வந்ததும் பானையைக் கழுவி, தண்ணி ஊத்தி, அடியில கெடக்குற மணலை நனைச்சு வச்சிட்டுத்தான் அடுப்பைப் பத்தவைப்பா. "யாத்தா, இது யாரு உபயம்?"னு கேட்டேன். "எங்க மாமியா நெனப்புக்குய்யா"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மாமியாளும் மருமகளும் வாழ்ந்த லச்சணம் ஊருக்கே தெரியும், ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு எரிஞ்ச குடும்பம் அது. "அந்தக் கெழவிக்குத் தாகம்னா நிமிசம் தாங்காது, தெருவைக் கூட்டிரும். அதான்"ன்னா. பானையில பேரும் இல்ல, ஊரும் இல்ல. செத்தவுகளை அதிகமா நெனச்சது யாருன்னு நீயே சொல்லு, படிச்சவன்லா?

இதெல்லாம் நீங்க கண்டுபிடிச்ச புதுச்சரக்குன்னு நெனைச்சிராத. ரோட்டோரத்துல ரெண்டு கல்லை நட்டு, குறுக்க ஒரு கல்லைப் படுக்கப்போட்டு வச்சிருக்குறதப் பாத்திருக்கியா? உன் கூட்டாளிமாரு அதுமேல ஏறி உக்காந்து போட்டோ எடுத்திருப்பானுக. அது பேரு சுமைதாங்கி. வயித்துல பிள்ளையோட செத்துப்போன பொம்பள நெனப்பா வைக்குறது. எறக்க முடியாத சொமையோட போயிட்டா பாவி மக. தலைச்சொமையோட வாரவன் அதுல எறக்கி வச்சு எளப்பாறுனா அவ பாரமும் எறங்கும்னு ஒரு நம்பிக்கை. சரி, நம்பிக்கை கெடக்கட்டும். கல்லு எம்புட்டு ஒசரம்னு கவனிச்சியா? ஆளு நெஞ்சுக்குச் சமமா இருக்கும். ஏன் தெரியுமா? சந்தைக்குப் போறவன் ஒத்தையில போறான். மூட்டையைத் தரையில எறக்கிட்டா, திரும்பத் தூக்கிவிட ஒரு ஆள் வேணும். அந்தப் பொட்டக்காட்டுல ஆளுக்கு எங்க போவான்? நெஞ்சு ஒசரத்துல கல்லு இருந்தா அப்படியே சரிச்சு வைக்கலாம். மூச்சு வாங்கிட்டு, குனிஞ்சு தலையைக் குடுத்தா மூட்டை தானா ஏறிக்கிரும். எவனையும் கெஞ்ச வேண்டாம்.

அந்தக் கல்லை வச்சவன், மூட்டை தூக்குறவன் நெஞ்சை அளந்து வச்சிருக்கான். நீ எதை அளந்த? பலகையை.

காட்டுல மேயுற மாட்டுக்கு மேலு அரிச்சா ஒரசிக்கிடட்டும்னு ஆவுரிஞ்சிக் கல்லு நட்டானுகளே, அதுக்கு என்ன சொல்லுத? மாடு வந்து நன்றியுரையா சொல்லப்போகுது?

சரி, பேரு வெட்டுன ராசாக்க காலத்துக்கே வாரேன். கோயில்ல நந்தா விளக்குன்னு ஒண்ணு, ராவும் பகலும் அணையாம எரியுறது. செத்தவுக பேருக்கும் வைப்பாக. வேட்டைக்குப் போன எடத்துல கைதவறி அம்பு பட்டு ஒருத்தன் செத்துட்டா, எய்தவன் கோயிலுக்கு விளக்கு வைக்கணும்னு தீர்ப்புச் சொன்ன கல்வெட்டுகூட இருக்கு. விளக்கு வைக்குறதுன்னா எப்படி? உன்னை மாதிரி கடைக்குப் போயி ஒரு விளக்கு வாங்கி, அதுல பேரை வெட்டி, சாமி முன்னால வச்சுப் போட்டோ எடுத்துட்டு வாரதா? இல்லலே. சோழன் காலத்துல ஒரு விளக்குக்கு 96 ஆடு. சில ஊர்ல 90. அந்த ஆட்டை இடையருகிட்ட ஒப்படைச்சு, தெனமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும்னு எழுதி வச்சாக. அந்த ஆட்டுக்குப் பேரு என்ன தெரியுமா? சாவா மூவாப் பேராடு. சாகாதாம், கெழடும் ஆகாதாம். எங்க உண்டு அப்படி ஒரு ஆடு? நான் ஆடு மேச்சவன் சொல்லுதேன், மழை ஈரத்துல ரெண்டு நாள் நின்னா இருமிக்கிட்டுப் படுத்துரும். ஆனா கணக்குல உண்டு. கெழடு கட்டுனதக் கழி, குட்டியைச் சேத்துக்கோ, எண்ணிக்கை கொறையக் கூடாது. நெய்யும் நிக்கக் கூடாது. இதைத்தான் இப்பம் நீங்க ஏசி ரூம்புல உக்காந்து கார்ப்பஸ் ஃபண்டுங்கிய. ஆயிரம் வருசத்துக்கு முன்னாலயே கோவணங்கட்டுன இடையன் அதைப் பட்டியில அடைச்சு நடத்திட்டான்.

விளக்கு குடுத்தவன் நெய்க்கும் வழி பண்ணுனான். தண்ணி மெஷின் குடுத்தவன் கரண்டு பில்லுக்கு வழி பண்ணல. இதுல எவன் படிச்சவன்?

தஞ்சாவூர்ல குந்தவைப் பிராட்டி, ராசராசனுக்கு அக்கா, அப்பன் சுந்தர சோழன் பேருல ஆஸ்பத்திரி வச்சா. அப்ப அதுக்கு ஆதுலசாலைன்னு பேரு. கட்டடத்தை எழுப்பி ரிப்பன் வெட்டுனதோட விடல. வைத்தியம் பாக்குறவனுக்கு நெலம் எழுதி வச்சா. வைத்தியன் வயிறு காஞ்சா நோயாளி நாடியை எவன் புடிப்பான்? பொம்பளைக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் மராட்டிய ராசா சரபோசி, முத்தாம்பாள்னு ஒருத்தி மேல உசுரா இருந்தவரு. அவ போன பொறவு ஒரத்தநாட்டுல 1802 வாக்குல அவ பேருல சத்திரம் கட்டுனாரு. வழிப்போக்கனுக்குச் சோறு, படிக்குற பிள்ளைக்குப் படிப்பு. ஊரையே அவ பேரைச் சொல்லிக் கூப்புட்ட காலமும் உண்டு.

வெள்ளைக்காரன் கதை ஒண்ணும் சொல்லுதேன், அப்பத்தான் உனக்கு நம்பிக்கை வரும். வேலூர்ல எறங்கி ஷெல் கண்ணாஸ்பத்திரின்னு கேளு, ஆட்டோக்காரன் கொண்டுபோயி விடுவான். பெட்ரோல் பங்க்குக்காரன் வச்சதுன்னு நெனைச்சிராத. நியூயார்க்குல ஷெல்லுன்னு ஒரு பேங்க்கரு. பெஞ்சாதி மேரி டேபர் ஷெல் செத்துப்போனா. அந்த நேரத்துல ஐடா ஸ்கடர்னு ஒரு பொண்ணு, டாக்டருக்குப் படிச்சவ, வேலூர்ப் பக்கம் பொம்பளைக ஆம்பளை டாக்டர் கையால வைத்தியம் வேண்டாம்னு பிரசவத்துல சாகுதாக, அவுகளுக்குன்னு ஒரு ஆஸ்பத்திரி வேணும்னு பணத்துக்கு அலைஞ்சுக்கிட்டு இருந்தா. மனுசன் பெஞ்சாதி நெனப்பா 10,000 டாலரை எடுத்துக் குடுத்தாரு. 1902ல ஆஸ்பத்திரி தொறந்துருச்சு. இன்னிக்கு உலகமே வாரிச் சொருகிக்கிட்டு ஓடுதே சி.எம்.சி.க்கு, அது வளந்த வழியில இதுதான் மொதப் பெரிய படி. இதுல நீ கவனிக்க வேண்டியது டாலரை இல்ல. என்ன வேணும்னு அந்த மனுசன் தானா யோசிச்சு முடிவு கட்டல. அங்கன நின்னு பாடுபடப் போறவ கேட்டா, கேட்டதைக் குடுத்தாரு. மேரியம்மா கறுப்பா செவப்பான்னு வேலூர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. அவ பேரைச் சொல்லாம அங்க ஒரு நாளும் விடியறதில்ல.

முத்துலட்சுமி ரெட்டி கதை உனக்குப் பாடத்துலயே இருந்திருக்கும், மார்க்குக்குப் படிச்சு மறந்திருப்ப. தங்கச்சி புத்துநோயில துடிச்சுச் செத்ததப் பாத்தவுக. அந்த நோய்க்கெல்லாம் தனி ஆஸ்பத்திரி எதுக்குன்னு நெனைச்ச காலத்துல, நின்னு போராடி 1954ல அடையாறுல 12 படுக்கையோட ஆரம்பிச்சாக. தங்கச்சிக்குச் சிலை வைக்குறது லேசு. அவளைக் கொன்ன நோயோட மல்லுக்கட்டுறது லேசா?

"தாத்தா, நான் என்ன ராசாவா, பேங்க்கரா? எனக்கு மாசச் சம்பளம்"னு முணுமுணுக்காத. கேக்குது. காது இன்னும் நல்லாத்தான் இருக்கு.

உன் அளவுக்கே வாரேன். போன வாரம் உன் சேக்காளி ஒருத்தன் அம்மா தெவசத்துக்கு முதியோர் இல்லத்துல மதியச் சாப்பாடு போட்டான். என்னையும் கூட்டிட்டுப் போனான், பெரியவுக ஒருத்தரு இருந்தா போட்டோவுக்கு நல்லாருக்கும்னு. பந்தி உக்காந்தாச்சு. இலையில சோறு விழுந்தாச்சு. சாம்பார் வாளியை எடுத்துக்கிட்டுப் போனான். ஒரு கரண்டி மோந்தான். "அப்படியே நில்லுங்க சார், கரண்டியைக் கொஞ்சம் ஒசத்துங்க"ங்கான் போட்டோக்காரன். கரண்டி அந்தரத்துல நிக்கி. இலைக்கு முன்னால ஒரு பெரியவரு சோத்துல குழி பறிச்சு வச்சிக்கிட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்காரு. "ஐயா, நீங்க சாரைப் பாத்துச் சிரிங்க." அவரு சிரிச்சாரு. பல்லு கெடையாது, ஆனாலும் சிரிச்சாரு. "இன்னொண்ணு எடுத்துக்கிடுதேன், கண்ணு மூடிருச்சு." மறுபடி கரண்டி மேல போகுது. சாம்பார் ஆறி ஆடை கட்டிருச்சு. பந்தி முடிஞ்சு வெளிய வரும்போது அந்தப் பெரியவருகிட்ட, "சாப்பாடு எப்படி?"ன்னு கேட்டேன். "இன்னிக்குப் பரவாயில்ல, ஒரு வாளியோட விட்டாரு. நேத்து வந்தவரு பாயசத்துக்கும் சிரிக்கச் சொன்னாரு"ங்காரு.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. ஆகஸ்ட் 15, தீவாளி, பொங்கல்னா எல்லாப் புண்ணியவானும் ஒரே நாள்ல கெளம்பிருதான். பிள்ளைக விடுதியில காலையில கேக்கு, மத்தியானம் பிரியாணி, சாயந்தரம் திரும்பக் கேக்கு. பிள்ளைக வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். மறுநாள் எட்டிப்பாக்க ஆள் இருக்காது. அங்க இருக்குற அம்மாகிட்ட தனியாக் கேட்டுப் பாரு, "என்னம்மா வேணும்?"னு. ரொம்ப யோசிச்சு, கூச்சப்பட்டுச் சொல்லும். "அரிசி இருக்கு தம்பி. கக்கூஸ் கதவுக்குத் தாப்பாள் இல்ல. வயசுக்கு வந்த பிள்ளைக இருக்கு. துணி தொவைக்குற சோப்பு தீந்துபோச்சு. ஒரு பிள்ளைக்கு டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் பணம் கட்டணும்." உடனே உன் மூஞ்சி சுருங்கிரும். அப்பா நெனப்பா கக்கூஸ் தாப்பாளா? ஏன்லே, உங்க அப்பன் கதவு சாத்தாமயா போனான்?

தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதேன்னு சொலவடை. அது வாங்குறவனுக்குச் சொன்னது. அவன் பாக்கமாட்டான், பாக்கவும் முடியாது. அப்ப பல்லைப் புடிச்சுப் பாக்க வேண்டியது யாரு? குடுக்குறவன்தானே? பொத்தான் இல்லாத சட்டை, ஜிப்பு போன பையி, ஒத்தைக்கால் செருப்பு, இதையெல்லாம் மூட்டை கட்டிக் குடுத்துட்டு தர்மம்னு சொல்லாத. வீட்டைக் கூட்டுனேன்னு சொல்லு.

அப்புறம் இந்தக் காருடு. போன கல்யாணத்துல தாம்பூலப் பையில தேங்காய்க்குப் பதிலா ஒரு அட்டை இருந்துச்சு. "எங்கள் தாத்தா நினைவாக, உங்கள் பெயரில் ஒரு மரக்கன்று நட்டுள்ளோம்." எனக்குச் சந்தோசம் தாங்கல. என் பேருல மரம்! எங்கன நட்டீக? என்ன மரம்? வேம்பா, புங்கையா? ஆடு கடிக்காம வேலி போட்டீகளா? சித்திரையில தண்ணி யாரு ஊத்துதா? மாப்பிள்ளைகிட்டக் கேட்டேன். அவன் பொண்ணைப் பாக்கான். பொண்ணு அவ அப்பனைப் பாக்கா. அப்பன் போனைப் பாக்காரு. எங்கயோ என் பேருல ஒரு கன்னு தண்ணி இல்லாம வாடிக்கிட்டு நிக்குன்னு நெனைச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வரல. தேங்காயாச்சும் தொவையலுக்கு ஆயிருக்கும்.

வரிச்சலுகைக்குன்னு தர்மம் பண்ணுறவனும் இருக்கான். 80ஜி, 80ஜின்னு பூசாரிகிட்ட திருநீறு கேக்குறதுக்கு முன்னால ரசீது கேக்கான். நான் விசாரிச்சு வச்சிருக்கேன், கேட்டுக்கோ. 2,000 ரூவாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா அதுக்குச் சலுகை கெடையாது. அரிசி மூட்டை, சேலை, போர்வையாக் குடுத்தாலும் கெடையாது. புது வரித்திட்டத்துக்குப் போயிட்டவனுக்கு அந்தச் சலுகையே கெடையாது. அப்பன் மேல பாசம் எம்புட்டுன்னு இதுல தெரிஞ்சு போகும். ஆனா ரசீது கேக்குறது தப்புன்னு நான் சொல்லல. கட்டாயம் கேளு. யாரு நடத்துதா, பதிவு இருக்கா, போன வருசம் வந்த பணத்தை என்ன பண்ணுனாகன்னு கேளு. நல்லவன் சந்தோசமாக் காட்டுவான். "நம்பிக்கை இல்லையா தம்பி?"ன்னு எவன் மொகத்தைத் தூக்குதானோ, அங்க செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்பு. போன்ல வாரதையும் பாத்து அனுப்பு. மூக்குல டியூப்போட ஒரு பிள்ளை படத்தைப் போட்டு "உடனே உதவுங்கள்"னு வருதே, அது எந்த வருசத்துப் படம்? சிலது ரொம்ப வருசமாச் சுத்துது. அந்தப் பிள்ளை தேறி எந்திரிச்சு, இப்பம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சுக்கிட்டு இருக்கும்.

எங்கன குடுக்கன்னே தெரியலையா? நீ படிச்ச பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிப்போயிரல. 2022ல அரசாங்கமே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி'ன்னு ஒரு திட்டம் கொண்டாந்து, இன்ன பள்ளிக்கூடத்துக்கு இன்னது வேணும்னு பாத்துக் குடுக்க வழி வச்சிருக்கு. பெரிய டீச்சரைப் போயிப் பாரு. ஃபேன் வேணுமா, கொழாய் வேணுமான்னு அவுக சொல்லட்டும். ஃபேன் வாங்குனா ரெக்கையில பேரெழுதாத. சுத்தும்போது எவன் வாசிப்பான்? காசே இல்லையா? அதுவும் தோதுதான். பதினெட்டு வயசாச்சு, நோய் நொடி இல்ல, ரத்தம் குடு. ஆம்பளை மூணு மாசத்துக்கு ஒருக்க, பொம்பளை நாலு மாசத்துக்கு ஒருக்கக் குடுக்கலாம். யாரு ஒடம்புல போகுதுன்னு உனக்கும் தெரியாது, யாரு குடுத்தான்னு அவனுக்கும் தெரியாது. பலகை வைக்க எடமே இல்லாத தர்மம் அது ஒண்ணுதான்னு நெனைக்கேன். அதான் கூட்டம் கொறைச்சலா இருக்கு.

வடலூருக்குப் போயிருக்கியா? 1867ல பசிச்சவனுக்குச் சோறு போட வள்ளலார் பத்தவச்ச அடுப்பு. இன்னமும் எரியுது. எடம் குடுத்தவுக அந்தப் பக்கத்து ஊர்க்காரவுக. அரிசி மூட்டையை எறக்கி வச்சிட்டு, பேரும் சொல்லாம, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போறவனை அங்க பாக்கலாம்.

கடைசியா ஒண்ணு கேக்கேன், யோசிச்சுச் சொல்லு. உங்க அப்பனுக்கு என்ன புடிக்கும்? பாரு, முழிக்க. அப்பனுக்குப் புடிச்ச கலரு தெரியும், பலகைக்கு வேணும்லா. நான் சொல்லுதேன். சட்டைப்பையில எப்பவும் ஒரு பேனா வச்சிருப்பான். பேங்க்குக்குப் போனா, நாலு கெழவிக்குச் சலான் எழுதிக் குடுக்காம வீட்டுக்கு வரமாட்டான். தாலுகா ஆபீசு வாசல்ல கைநாட்டுக்காரன் எவனாவது திகைச்சு நின்னா, இவனே போயி, "என்னண்ணே, என்ன மனு?"ன்னு கேப்பான். உங்க அம்மா கொழம்பு ஆறிப்போச்சுன்னு வாசல்ல நின்னு கத்துவா. அதை அவன் தர்மம்னு சொன்னதே கெடையாது.

இப்பமும் முதியோர் பணத்துக்கு எழுதத் தெரியாம, பிள்ளை ஸ்காலர்ஷிப்புக்கு எதைச் சொருகணும்னு தெரியாம, இ-சேவை மையத்து வாசல்ல சனம் நிக்கத்தான் செய்யுது. மாசத்துல ஒரு சனிக்கெழமை, அப்பன் பேனாவை எடுத்துச் சொருகிக்கிட்டு அங்க போயி உக்காரு. செலவு ஒரு டீ. நேரம் இல்லைம்ப. தெரியும். பணம் இருக்கு, நேரம் இல்ல. அதனாலதான் கல்லுக்கடைக்காரன் பொழைக்கான்.

சரி, உங்க அப்பன் விசயத்துல போனது போச்சு. என் விசயத்தைச் சொல்லி வைக்கேன், நல்லாக் கேட்டுக்கோ. நான் போனா என் கண்ணைக் குடுத்துருங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். அதனால அமெரிக்காவுல இருக்குற சொந்தக்காரன் வரட்டும்னு காத்துக் கெடக்காதீக. ஃபேனை நிறுத்து. கண்ணை மூடிவிட்டு மேல ஈரப்பஞ்சு வையி. தலைக்கு ஒரு தலகாணி குடு. கண் வங்கிக்குப் போன் பண்ணுனா அவுகளே வீட்டுக்கு வருவாக, அரைமணிகூட ஆகாது, மூஞ்சி கோரமாவும் ஆகாது. "புரை எடுத்து லென்ஸு வச்ச கண்ணு, ஆகாது"ன்னு எவனாவது சொல்லுவான், நம்பாத. அவுகளுக்கு வேண்டியது கருவிழி, அது ஆகும். ரெண்டு பேருக்குப் பார்வை வரும். "அடுத்த பிறவியில குருடாப் பொறப்பாரு"ன்னு உங்க பெரியத்தை மூக்கைச் சிந்துவா. அந்தப் பிறவியை நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டேன்னு சொல்லு.

பிளெக்ஸ் அடிக்குறவனுக்கு அதுக்குப் பொறவு போன் பண்ணு. அவன் எங்கயும் போயிரமாட்டான். கண் வங்கி நம்பரை இப்பமே கேட்டு, நெலைக்கு மேல செவுத்துல எழுதி வையி. வாட்சப்புல போட்டு வைக்காத, அன்னிக்கு ஒரு பயலும் தேடமாட்டான். கரிக்கட்டை அடுப்படியில கெடக்கு, எந்திரி.